கார்பன் போர்த்திய வண்டிகள்

மோட்டார் சைக்கிளுக்குக் கார்பன் ஃபைபர் பாகம் பூட்டிக்கொள்ள வருகிற வாலிபர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர், வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தியதும், விலையைக் கேட்பதற்கு முன்பாகவே, "அண்ணே, வெயிட் எவ்வளவு குறையும்?" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார்கள். அழகுக்காகச் செய்துகொள்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்ல ஏனோ அவர்களுக்குக் கூச்சம். அலங்காரம் என்பது அற்பமான ஆசை என்றும், வேகம், எடை, காற்றின் எதிர்ப்பு என்று நாலு சாஸ்திரீயமான காரணங்களைக் காட்டினால்தான் வீட்டில் பணம் பெயரும் என்றும் ஓர் எண்ணம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய மூன்று ஊர்களுக்கு நடுவிலேயே தொழில் செய்து தலை நரைத்தவன் என்ற பாத்தியதையில் நான் அபிப்பிராயம் சொல்லலாமென்றால், அந்தக் கூச்சத்துக்கு அவசியமே இல்லை. அழகு போதுமான காரணந்தான். அதோடு, அழகுக்கென்று செய்கிற வேலைதான் கஷ்டமான வேலை என்பதும் இந்தத் தொழிலில் இருந்து நான் அறிந்துகொண்ட சங்கதி.

எடைக் கணக்கை முதலில் தீர்த்துவிடுவோம். ஒரு கன சென்டிமீட்டர் எஃகின் எடை 7.8 கிராம், அலுமினியம் 2.7 கிராம்; எபாக்ஸி ரெசினில் ஊறி இறுகிய கார்பன் துணி ஏறக்குறைய 1.6 கிராம். இந்த எண்களை மட்டும் கேட்டால் யாருக்கும் உற்சாகம் பிறக்கும். ஆனால் இக்காலத்து வண்டிகளில் நாம் கழற்றி மாற்றுகிற மட்கார்டும் ஹெட்லைட் டூமும் எஃகினால் ஆனவை அல்லவே. அவை பெரும்பாலும் ஏ.பி.எஸ். என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை, அதன் கனமோ ஏறக்குறைய 1.05 கிராமில் அடங்கிவிடுகிறது. பிளாஸ்டிக்கைவிடக் கனமான கார்பன் லாபம் தருவது, அது பல மடங்கு விறைப்பாக இருப்பதால் தகட்டை மெல்லியதாக்கலாம் என்ற ஒரே வழியில்தான். அப்படி முழுக்க முழுக்கக் கார்பனாலேயே வார்த்து மாற்றினாலும் ஒரு மட்கார்டில் மிஞ்சுகிற எடையை, ஓட்டுகிறவர் காலையில் நாலு இட்லியைக் குறைத்துக்கொண்டு சம்பாதித்துவிடலாம். இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. எங்களிடம் வருகிற வேலைகளில் பெரும்பாலானவை ஸ்கின்னிங் வேலைகள். அதாவது, கம்பெனி கொடுத்த பிளாஸ்டிக் பாகத்தின் மேலேயே ஒரு சுற்றுக் கார்பன் துணியைப் போர்த்தி, ரெசின் ஊட்டி, தேய்த்து, பளபளப்பேற்றித் தருவது. போர்த்திய துணியும் ஊட்டிய ரெசினும் பூசிய கிளியரும் சேர்ந்து பாகத்தின் எடை கூடத்தான் செய்யும். லேசுத்தன்மைக்கென்று உலகப் பிரசித்தி பெற்ற பொருளை வைத்து வண்டியைக் கனமாக்கித் தருகிறவன் நான். இதை நான் வாடிக்கைக்காரர்களிடம் மறைத்ததில்லை. கேட்டபின் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனவர்கள் மிகச் சிலரே என்பதால், எடை என்பது வெறும் வியாஜம் என்ற என் எண்ணமும் உறுதிப்பட்டது.

இந்தப் பொருளின் பூர்வோத்தரம் அறியத் தகுந்தது. அக்ரிலிக் ஸ்வெட்டர் நூலுக்கு உடன்பிறந்ததான பாலி அக்ரிலோ நைட்ரைல் என்ற செயற்கை இழையை, முதலில் காற்றில் மெல்ல வாட்டி, பிறகு பிராணவாயு புகாத சூளையில் ஆயிரம் டிகிரிக்கு மேல் சுட்டால், மற்றவையெல்லாம் ஆவியாகிக் கரி மட்டும் இழையாக நிற்கும். 1960-களின் தொடக்கத்தில் ஒசாகாவில் அகியோ ஷிண்டோ என்ற விஞ்ஞானி இந்த மார்க்கத்தைக் கண்டார். அதே தசாப்தத்தில் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ விமான ஆராய்ச்சிக் கூடமும் அதை மேலும் பலப்படுத்தியது. 1971-ல் ஜப்பானின் டோரே கம்பெனி வியாபாரத்துக்குக் கொண்டுவந்தது. 1981-ல் ஜான் பார்னார்ட் என்ற பொறியாளர் மெக்லாரன் பந்தயக் காரின் கூட்டையே கார்பனால் செய்தபோது, மோதினால் பொடிப்பொடியாகிவிடும் என்று பயமுறுத்தியவர்கள் பலர். அந்த வருஷமே மோன்ஸா பந்தயத்தில் அந்தக் கார் பயங்கரமாக மோதி இரண்டு துண்டாகியும், ஓட்டிய ஜான் வாட்ஸன் காயமின்றி இறங்கி நடந்து வந்த பிறகுதான் அந்த வாய்கள் அடைத்தன. 1990-களின் ஆரம்பத்தில் நியூஸிலாந்தின் ஜான் பிரிட்டன் தம் வீட்டுக் கொட்டகையில் சொந்தமாகச் செய்த பந்தய மோட்டார் சைக்கிளில் சக்கரங்களைக்கூடக் கார்பனால் வார்த்தார். நம் நாட்டிலோ 2001 ஜனவரியில் பெங்களூரில் முதன்முதலாக மேலெழும்பிய தேஜஸ் விமானத்தின் உடலில் பெரும் பங்கு இதே துணிதான். இவ்வளவு கம்பீரமான வம்சாவளியுடைய வஸ்து, கள்ளிக்குப்பத்துப் பையன் ஒருவனின் வண்டியில் செயின் கவராக வந்து உட்காருவதைக் கண்டு சிலர் முகம் சுளிக்கலாம். எனக்கு அப்படித் தோன்றியதில்லை.

நான் இதற்குள் வந்தது கண்ணாடி இழையின் வழியாக. 1964-ல் அமைந்த அம்பத்தூர் தொழிற்பேட்டையும், அதற்கும் முந்தியே சைக்கிள் செய்துவந்த டி.ஐ. தொழிற்சாலையும், பாடியின் டி.வி.எஸ். குழுமத்து ஆலைகளும், ஆவடியின் டாங்கித் தொழிற்சாலையும் சூழ்ந்த இந்தப் பிரதேசத்தில், பெரிய ஆலைகளின் மதில் நிழலை அண்டியே சின்னச் சின்னக் கொட்டகைகள் பிழைத்துவந்தன. அப்படிப்பட்ட ஒரு கொட்டகையில் மெஷின் மூடிகளும் தண்ணீர்த் தொட்டிகளும் பஸ்ஸுக்கு முன்முகங்களும் வார்க்கிற வேலைக்குச் சிறுவனாகச் சேர்ந்தேன். பாலியஸ்டர் ரெசினின் வாசனை சட்டையை விட்டு ஞாயிற்றுக்கிழமை கூடப் போகாது. மோல்டுக்கு மெழுகு தேய்ப்பது, ஜெல்கோட் அடிப்பது, கண்ணாடி இழை மேட்டை ஒட்டி ரோலர் போட்டுக் காற்றை வெளியேற்றுவது என்ற இந்த மூன்று பாலபாடங்களும் அங்கே படிந்தவை. சோழவரத்து ஓடுபாதையிலும், பின்னாளில் பூந்தமல்லிக்கு மேற்கே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயப் பாதையிலும் ஓடுகிறவர்களுக்காக ஃபேரிங் வார்த்துக் கொடுத்ததும் உண்டு. அங்கே ஒரு விசேஷத்தைக் கவனித்தேன். எடை குறைய வேண்டிய நிஜமான நிர்ப்பந்தம் உள்ள அந்தப் பந்தயக்காரர்களில் பெரும்பாலோர் கேட்டது கண்ணாடி இழை ஃபேரிங்தான். விழுவது நிச்சயம், உடைவது நிச்சயம், சல்லிசாக மறுபடி வார்க்க வேண்டும் என்பது அவர்கள் நியாயம். கார்பன் கேட்டவர்களோ, வேளச்சேரி வேலைக்கும் காலேஜுக்கும் போய்வருகிறவர்கள்.

அப்படிக் கேட்கிறவர்களின் தொகை பெருகியதற்கு வண்டிகளும் காரணம். ஆர்.எக்ஸ். 100 ஓடிய காலத்தில் அலங்காரமென்றால் குரோமும் ஸ்டிக்கருந்தான். வண்டியில் பெரும்பகுதி தகடு. 2008-ல் யமஹாவின் ஆர் 15, 2012-ல் கே.டி.எம். டியூக் 200 என்று வந்த பிறகுதான், வளைவும் மடிப்புமாகப் பிளாஸ்டிக் பாகங்கள் வண்டியை மூடின. ஸ்க்ரூ நாலைக் கழற்றினால் கையோடு வருகிற பாகம் என்றால் அதை மாற்றிப் பார்க்க எந்தப் பையனுக்குத்தான் கை துறுதுறுக்காது? முதலில் ஜி.பி. ரோட்டிலிருந்து கார்பன் ஸ்டிக்கர் வாங்கி ஒட்டிக்கொண்டார்கள்; பிறகு அசல் எப்படியிருக்கும் என்று தேட ஆரம்பித்தார்கள்.

அசலின் சௌந்தரியம் முழுவதும் நெசவில் இருக்கிறது. ஏழு மைக்ரான் பருமனுள்ள மூவாயிரம் இழைகளை ஒரு பட்டையாகச் சேர்த்து, பாவும் ஊடையுமாக, இரண்டுக்கு மேல் இரண்டுக்குக் கீழ் என்று ட்வில் முறையில் நெய்த துணிதான் நாங்கள் அதிகம் எடுப்பது. பாவு ஒரு திசையில் வெளிச்சத்தைத் திருப்ப, ஊடை மற்றொரு திசையில் திருப்புவதால், வண்டியைச் சுற்றி நடந்து பார்க்கிறவனுக்குக் கறுப்பும் வெள்ளியும் இடம் மாறிக்கொண்டே தோன்றும். நிறமே இல்லாத ஒரு வஸ்து வெறும் நெசவினாலேயே கண்ணை இழுப்பது எனக்கு இன்றும் ஆச்சரியமாகவே இருக்கிறது. ஆனால் இந்தக் குணந்தான் எங்கள் பிராணனை வாங்குகிறதும். பந்தயப் பாகத்தில் துணி சற்றே கோணினால் பலத்தில் பெரிய பாதகமில்லை, உள்பக்கம் எப்படியிருந்தாலும் கேட்பாரில்லை. அலங்காரப் பாகத்துக்கு முகத்தைத் தவிர வேறென்ன இருக்கிறது? ஒரு பட்டை ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் பாம்பு நெளிந்தாற்போல அந்த இடம் தனியே தெரியும், பிறகு எத்தனை கிளியர் அடித்தாலும் மறையாது.

ஹெட்லைட் டூம் போன்ற இருபுறமும் வளைந்த பரப்பில் துணியை நேராகப் போட்டால் மூலையில் மடிப்பு விழும். இதற்கு வழி சொன்னவர் எங்கள் ஆசாமி அல்லர், தொழிற்பேட்டையில் ஏற்றுமதிக்குச் சட்டை தைக்கிற ஒரு கம்பெனியின் கட்டிங் மாஸ்டர், தம் ஸ்கூட்டர் மட்கார்டுக்குப் பட்டி போட வந்தவர். நான் துணியோடு மல்லாடுவதைப் பார்த்துவிட்டு, "கிராஸ்ல வெட்டுங்க தம்பி, ரவிக்கைத் துணி மாதிரி. தானா உக்காரும்" என்றார். நாற்பத்தைந்து டிகிரிக்குத் திருப்பிப் போட்டால் பாவும் ஊடையும் ஒன்றின் மேலொன்று கத்திரிபோல் விலகிக்கொடுத்து வளைவில் படிந்துவிடுகிறது. வெட்டுகிற கோட்டில் முதலில் டேப் ஒட்டி, டேப்பின் நடுவே கத்திரியை ஓட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஓரத்து இழைகள் பிரிந்து துணி கையிலேயே அவிழ்ந்துவிடும்.

இடது, வலது ஜோடிப் பாகங்களில் இன்னொரு சூட்சுமம் உண்டு. ட்வில் துணியின் வரி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஒரே முகமாக இரண்டையும் போர்த்தினால் ஒரு பக்கத்தில் வரி முன்னோக்கியும் மறுபக்கத்தில் பின்னோக்கியும் ஓடும். ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்ஷன் பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், மகன் வெளியில் ரெடிமேடாக வாங்கிவந்த ஜோடியைப் பூட்டக் கொடுத்துவிட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வண்டியை முன்னாலிருந்து வெகுநேரம் பார்த்தார். "மாஸ்டர், இது ரெண்டும் ஜோடி இல்லியே. வரி ரெண்டு பக்கமும் எதிரெதிரா ஓடுதே, பாத்தீங்களா?" என்றார். மகன், "அப்பா, இதையெல்லாம் யாருப்பா பாக்கப் போறா?" என்றான். "நான் பாத்துட்டேனே" என்றார் அவர். ஒரு பக்கத்துக்குத் துணியைப் புரட்டிப் போட்டுவிட்டால் வரி எதிர்ப்புறம் சாய்ந்து, இரண்டும் கண்ணாடியில் பார்த்த பிம்பங்களைப்போல் பொருந்திவிடும் என்று விளக்கி, பழைய பிளாஸ்டிக் ஜோடியின் மேலேயே புதிதாகப் போர்த்திக் கொடுத்தேன். அந்தப் பெரியவரைப்போல் பார்க்கிறவர் ஒருவர் வருவார் என்ற பயத்தோடுதான் ஒவ்வொரு பாகத்தையும் செய்ய வேண்டியிருக்கிறது.

ரெசினுக்கு வருவோம். எல்.ஒய். 556 என்ற எபாக்ஸியும் எச்.ஒய். 951 என்ற ஹார்டனரும் இந்தியாவில் கைவேலைக்காரர்களும் காலேஜ் ஆராய்ச்சிக்காரர்களும் பல்லாண்டாகப் பழகிய ஜோடி. நூறு பங்குக்குப் பத்துப் பங்கு, அதுவும் தராசில் நிறுத்து. கண்மதிப்பில் ஊற்றுகிற பையன்களை நான் பட்டறையில் வைத்துக்கொள்வதில்லை. கலந்த மாத்திரத்தில் ரசாயனச் சூடு பிறக்கிறது. டீ கிளாஸில் குவிந்து கிடந்தால் அந்தச் சூடு போக வழியில்லாமல் புகைந்து கல்லாகிவிடும், அகன்ற தட்டில் பரப்பி வைத்தால் அமைதியாக இருக்கும். சித்திரையின் கத்திரி வெயிலில் தகரக் கூரைக்கடியில் இது இறுகுகிற வேகத்துக்கு நம் கை ஓடாது. ஆகையால் அந்த மாதங்களில் விடியற்காலையில் போர்த்தி முடித்து, பகலில் தேய்ப்பு வேலையை வைத்துக்கொள்வோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் தொல்லை வேறு விதம். காற்றின் ஈரம் ஹார்டனரோடு சேர்ந்து, மேற்பரப்பில் மெழுகு பூசினாற்போல் ஒரு பிசுக்கும் வெண்மையும் படரும். அதை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி எடுக்காமல் அடுத்த பூச்சைப் போட்டால் அது ஒட்டாமல் உரிந்து வரும். கொரட்டூர் ஏரிப் பக்கத்துக் கொட்டகையில் மழைக்கால வேலைக்கு நான் கூடுதல் நாள் கேட்பது இதனால்தான். சோம்பேறித்தனம் என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

இறுகிய பாகத்தைத் தேய்ப்பதுதான் மொத்த வேலையில் பெரும்பகுதி. நானூறில் தொடங்கி, அறுநூறு, எண்ணூறு, ஆயிரத்திருநூறு, இரண்டாயிரம் என்று வாட்டர் பேப்பர் மாறிக்கொண்டே போகும். நடுவில் ஊசிமுனைத் துவாரங்கள் கிளம்பும், அவற்றுக்கு மறுபடி ரெசின் தடவி மறுபடி தேய்ப்பு. அவசரப்பட்டு அழுத்தினால் ரெசினைத் தாண்டித் துணியே அறுபட்டுவிடும். அறுபட்ட நெசவுக்குப் பரிகாரம் கிடையாது. தண்ணீர் விட்டே தேய்க்க வேண்டும் என்பது கண்டிப்பு, ஏனெனில் கார்பன் தூள் தோலில் குத்தி அரிப்பதோடு, மின்சாரம் பாய்கிற தூளாகையால் சுவிட்ச் பெட்டிக்குள் புகுந்தால் ஷார்ட் ஆகிவிடும். முழங்கை வரை பவுடர் பூசிக்கொண்டு, முகமூடி கட்டிக்கொண்டு உட்காருவது எங்கள் வழக்கம்.

தேய்த்து முடிந்ததைப் பளபளவென்று கையில் கொடுத்துவிடலாம், வாங்குகிறவரும் சந்தோஷமாகப் போவார். ஆனால் அறைச் சூட்டில் மாத்திரம் இறுகிய ரெசின், மே மாத வெயிலில் நிற்கிற கறுப்புப் பாகத்தின் சூட்டில் மறுபடி இளகிச் சுருங்கி, கண்ணாடிபோல் இருந்த பரப்பில் நெசவின் மேடுபள்ளம் தலைகாட்டிவிடும். சூரியனின் அல்ட்ரா வயலட் கதிர் பட்டு மஞ்சளும் பாயும். ஆகவே தகரப் பெட்டிக்குள் பல்புகளை எரியவிட்டுப் பாகத்தை அறுபது டிகிரிக்குக் குறையாத சூட்டில் சில மணி நேரம் வாட்டி, அது செய்ய வேண்டிய சேஷ்டைகளையெல்லாம் அங்கேயே செய்துமுடிக்கச் செய்து, மீண்டும் தேய்த்து, அதன் பிறகே கதிரைத் தடுக்கும் இரட்டைக் கலவை பி.யு. கிளியர் அடிப்போம். உள்ளே பிளாஸ்டிக் இருப்பதால் அதற்கு மேல் சூட்டை ஏற்றவும் முடியாது. இந்த வாட்டலைச் செய்யாதவன் விலை எப்போதும் என்னுடையதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

பூட்டுவது சின்ன வேலை என்று எண்ணுகிறவர்கள் உண்டு. துணியும் ரெசினும் ஏறிய கனத்தில் பழைய துளைகள் குறுகிவிடும். போல்ட்டைப் பலவந்தமாக முறுக்கினால் துளையைச் சுற்றி வெள்ளைக் கீறல் ஓடும். துளையைச் சீராக அகற்றி, ரப்பர் குரோமெட்டும் அகலமான வாஷரும் வைத்து, கைக்குப் பிடிப்புத் தெரியும்படி மெதுவாக இறுக்க வேண்டும். கார்பனும் அலுமினியமும் ஈரத்தில் நேராகத் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரித்துப்போகும். மழைநீர் தேங்கும் சி.டி.எச். ரோட்டில் தினமும் போகிற வண்டிக்கு இது வெறும் ஏட்டுச் சங்கதியல்ல. முன் மட்கார்டின் உள்ளே இருக்கும் இரும்புப் பிடியை, பார்வைக்கு இடைஞ்சல் என்று எடுக்கச் சொல்கிறவர்களிடம் நான் சம்மதிப்பதில்லை, சில வண்டிகளில் இரண்டு ஃபோர்க்குகளையும் விலகாமல் கட்டிப்பிடிப்பது அதுவே. பிரேக் லீவர், ஹேண்டில்பார், ஃபுட்ரெஸ்ட் ஆகியவற்றைக் கைவேலைக் கார்பனில் எவ்வளவு பணம் கொடுத்தாலும் செய்வதில்லை. இரும்பு வளைந்து எச்சரிக்கும், கார்பன் எச்சரிக்காமல் முறியும். சைலன்சருக்கு ஒட்டின இடமும் வேண்டாம், இந்த ரெசின் அந்தச் சூட்டைத் தாங்காது.

அசல்போல் நடிக்கிற போலிகளைப் பற்றிக் கேட்கிறார்கள். தண்ணீரில் மிதக்கவிட்ட படலத்தில் முக்கி எடுத்து நெசவை அச்சடித்த பிளாஸ்டிக்கைக் கார்பன் என்று விற்பது நடக்கத்தான் செய்கிறது. வெயிலில் சாய்த்துப் பார்த்தால் அசலில் வெளிச்சம் நகரும், அச்சில் நகராது. சந்தேகம் தீராவிட்டால், மறைவான ஓரத்தில் லேசாகச் சுரண்டி மல்ட்டிமீட்டரின் இரு முனைகளையும் வையுங்கள். கார்பன் மின்சாரம் கடத்தும். ஸ்டிக்கரை நான் இகழ மாட்டேன். ஸ்டிக்கர் என்று சொல்லி ஸ்டிக்கர் விலைக்கு விற்றால் அதில் என்ன குற்றம்?

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்தும் பதிவுப் புத்தகத்தில் கண்ட விவரத்திலிருந்தும் வண்டி வேறுபடும்படி மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை வற்புறுத்தித் தீர்ப்பளித்திருக்கிறது. வண்டியின் நிறம் புத்தகத்தில் எழுதப்பட்டிருப்பதால், டாங்கையும் பிரதானப் பாகங்களையும் அந்த நிறத்திலேயே விட்டு, மட்கார்டு, செயின் கவர், டூமின் ஓரம் என்ற அளவில் நிறுத்திக்கொள்வதே விவேகம். கண்ணுக்கும் அதுவே இதம். உச்சி முதல் உள்ளங்கால் வரை கார்பன் போர்த்திய வண்டியில் நெசவு தனித்துத் தெரிய இடமில்லாமல், மொத்தமும் ஒரு கறுப்பு மூட்டையாகிவிடுகிறது.

சென்ற வருஷம் கரையான்சாவடியிலிருந்து ஒரு பையன் தாத்தாவின் பழைய புல்லட்டைத் தள்ளிக்கொண்டு வந்து, டாங்குக்குக் கார்பன் போர்த்தச் சொன்னான். கையால் இழுத்த தங்கக் கோடு இன்னும் மங்காத டாங்க் அது. புல்லட்டைச் செய்த திருவொற்றியூர் ஆலையின் பெருமைகளில் ஒன்றான அந்தக் கோட்டின் மேல் நானூறு நம்பர் பேப்பரை வைக்க என் கை போகாது என்று சொல்லி, கோடு எப்படி ஒரே மூச்சில் தூரிகையால் இழுக்கப்படுகிறது என்பதையும் விளக்கினேன். பையன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். டாங்கை ஒரு தடவை துடைத்தான். பிறகு, "சரிண்ணே, டாங்க் வேணாம். டூல் பாக்ஸ் மூடிக்காவது போட்டுக் குடுங்கண்ணே" என்றான். மூடி தகடு, தட்டையானது, யார் கண்ணையும் உறுத்தாத இடம். போட்டுக் கொடுத்தேன். ரசீதில் எடை கூடும் என்றும் எழுதிக் கொடுத்தேன்.